பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச்செல்லாம் முடிந்து தேநீர் வந்தபின் இளம் நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்றைய பேச்சு ஆதிச்சநல்லூர் பற்றியது. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டியெடுத்துப் பெர்லினுக்குக் கொண்டுபோன பொருள்கள் திரும்பி வரவேண்டும் என்று நாமும் மேடையில் சற்று உரக்கவே பேசியிருந்தோம். 'சார், பெர்லினுக்குப் போன இரும்புக்கு இவ்வளவு கோபப்படுகிறீர்களே, நீங்கள் சேர்த்து வைத்திருந்த கத்திகளை விற்றதற்கு என்றாவது வருந்தியதுண்டா?' என்றார் அவர். பக்கத்தில் நின்ற மூத்த நண்பர் நமக்காகப் பரிந்துகொண்டு, 'வருத்தம் இல்லாமலா இருக்கும், விடும்வே' என்று பேச்சை மாற்றினார்.

கேள்வியும் தவறு, பரிவும் தவறு என்பது நம் கட்சி. தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டு அதை விளக்க வாய்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 2001-ல் முதுகலை படிக்கும்போது தொடங்கி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், பொருநைக் கரையூர்களில் அலைந்து முப்பத்தேழு கத்திகள் சேர்த்தோம். 2016-ல் வீடு மாறியபோது அத்தனையையும் ஒரே நாளில் விற்றோம். திருநெல்வேலிக் கத்தி என்றதும் வாசகர் மனத்தில் ஒரு வீச்சரிவாள் மின்னியிருக்கும். திரைப்படங்கள் செய்த வேலை அது. நம் சேகரிப்பில் வீச்சரிவாள் ஒன்றுகூட இல்லை. ஆளை வெட்டுவதற்கென்றே அடித்த இரும்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஆசை நமக்கு என்றும் இருந்ததில்லை.

என்னென்ன இருந்தன? சேரன்மகாதேவிப் பக்கத்துக் கருக்கரிவாள்கள் ஐந்து. நெல்லறுக்கும் அரிவாள், பன்னருவாள் என்றும் சொல்வார்கள். அதன் வாயில் இருக்கும் நுண்பற்களுக்குத்தான் கருக்கு என்று பெயர். அறுப்புக் காலத்துக்கு முன் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கருக்கு வைத்து வாங்கவேண்டும். உளியால் ஒவ்வொரு பல்லாகக் கொல்லர் வெட்டுவார். அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிய சில ஆண்டுகளில் அந்த வேலை நின்றது. ஐந்தையும் ஐந்து வீட்டார் சும்மாவே கொடுத்தார்கள். முடிதிருத்துபவரின் மடக்குக் கத்திகள் மூன்று, அவற்றைத் தீட்டும் தோல் வாரோடு. கல்லிடைக்குறிச்சியில் கிடைத்த பாக்குவெட்டிகள் சில (பாக்குவெட்டி கத்தி ஆகுமா என்று வழக்காடும் நண்பர்களுக்கு: ஆகும், வெட்டுகிற எதுவும் நமக்குக் கத்திதான்). வாய் தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன அரிவாள்மனைகள். பிறகு, நாம் மிகவும் விரும்பிய ஒன்று: உடன்குடிக்கு மேற்கே தேரிக்காட்டில் பனையேறி ஒருவர் கொடுத்த பாளை அரிவாள்.

பாளை அரிவாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் அது தேவைப்படும். பனையேறியின் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியில் கனத்த ஒன்றும் மெல்லிய ஒன்றும் இருக்கும். கனத்தது மட்டை கழிக்க. மெல்லியது பாளை சீவ. பாளையின் நுனியை ஒவ்வொரு நாளும் தாள் கனத்துக்குச் சீவிவிட்டால்தான் பதநீர் தொடர்ந்து சுரக்கும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். கத்தி மழுங்கியிருந்தால் பாளையின் வாய் நசுங்கிச் சுரப்பு அடைபடும். ஆகையால் வெங்கச்சங்கல்லைப் பொடித்துப் பலகையில் தூவி அதன்மேல் அந்த அரிவாளைத் தீட்டுவார்கள். சவரக்கத்திக்கு நிகரான கூர்மை அதற்கு வரும். ஆளை வெட்ட அது உதவாது. எலும்பில் பட்டால் அதன் வாய்தான் போகும். நமக்குக் கொடுத்தவர் அதன் பிடியில் விரிசல் கண்ட இடத்தைச் செப்புக்கம்பியால் சுற்றி இறுக்கியிருந்தார். 'இனி யாரு பனை ஏறப் போறா, கொண்டு போங்க' என்றார். காசு வாங்க மறுத்துவிட்டு, ஒரு கருப்பட்டியையும் கையில் வைத்தார்.

விற்ற கதை சிறியது. வாடகை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குப் போனோம். முப்பத்தேழு கத்திகளைக் கோணிச்சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தோம். ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூசவேண்டும். பூசாத ஆண்டுகளே மிகுதி. பழம்பொருள் வாங்கும் ஒருவர் கேரளத்திலிருந்து வந்தார். நிறுக்கவில்லை, எண்ணினார். இருபத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணம் புது வீட்டின் புத்தக அலமாரியாக ஆனது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அன்றும் நினைத்தோம், இன்றும் நினைக்கிறோம்.

நண்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. 'மரபை விற்றுவிட்டீர்' என்பார்கள். விற்காதிருந்தால் மரபு பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் குற்றச்சாட்டின் அடியில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம். இதற்குப் பொருநையை விட்டுக் காவிரிக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டில் கத்திகளின் ஆகப் பெரிய விற்பனை நடந்தது அங்கேதான்.

தஞ்சை மராட்டிய அரசு 1855-ல் கும்பெனியிடம் போனது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள், கட்டாரி, ஈட்டி அனைத்தும் அரசின் சொத்தாயின. 1863-ல் அவற்றைத் தரம் பிரித்தார்கள். பொறுக்கியெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிகுதியை, அதாவது பெரும்பகுதியை, உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். இதைச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-ல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் எழுதி வைத்தார். அவர் எழுதியதால்தான் நமக்கே தெரிகிறது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போனால் தென்னாட்டுக் கட்டாரிகளைக் காணலாம், தஞ்சாவூர் என்ற குறிப்போடு. ஜார்ஜ் கேமரூன் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1935-ல் இறந்தபோது தம் உயில்வழி அளித்தவை அங்கே பல. சாவதற்கு முந்தைய ஆண்டில்தான் உலகத்து ஆயுதங்களுக்கெல்லாம் ஒரு பெரிய சொல்லகராதியை வெளியிட்டிருந்தார் அவர். யாரோ விற்று, யாரோ வாங்கிக் கைமாறிப் போன கட்டாரிகள் இன்றும் கட்டாரிகளாகவே இருக்கின்றன. விற்பனைக்கென்றே உடைத்த கட்டாரிகள் எந்த வண்டிச் சக்கரத்துப் பட்டையாயினவோ.

இரண்டுக்கும் விற்றல் என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். கத்தியைக் கத்தியாக விற்பது ஒன்று, கத்தியை இரும்பாக விற்பது வேறொன்று. தராசு வந்துவிட்டால் கத்தி போய்விட்டது. நம் மரபுக் காவலர்கள் முதல் வகை விற்பனையைக் கண்டால் பதறுகிறார்கள். இரண்டாவது வகை அவர்கள் வீட்டு வாசலிலேயே ஆண்டுக்கணக்காக நடந்தபோது, பேரம் படியவில்லை என்று மட்டும்தான் வருந்தினார்கள்.

(இதை வைத்து ஜாகோருக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். யாரும் அவருக்கு விற்கவில்லை. பொருள்கள் திரும்பவேண்டும் என்ற கோரிக்கையில் நமக்கு மாற்றமில்லை.)

ஆதிச்சநல்லூருக்கே வருவோம். ஜாகோருக்குப் பின் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், கத்திகள், ஈட்டிமுனைகள். 1915-ல் அவற்றுக்கு அட்டவணை அச்சாகியது. அந்த இரும்பை நாம் சென்னை எழும்பூரில் பார்த்திருக்கிறோம். துருவேறிய இரும்பு; அவ்வளவுதான். ஆனால் ரீ ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கியே கிடந்தன, சூழ நின்ற துயர்கொண்டோர் மண்ணில் குத்தி இறக்கியதைப் போல. இந்த ஒரு குறிப்பைப் படித்தபின் அதே இரும்பைப் பார்த்தால் தாழியைச் சுற்றிலும் மனிதர்கள் நிற்கிறார்கள். இரும்பில் இல்லாத ஒன்று அது, எழுதியவன் கொடுத்தது. 2025 ஜனவரியில் சிவகளைத் தாழியின் காலம் கி.மு. 3345 என்று அரசு அறிவித்தபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம். அந்த எண்ணைக் கொடுத்தது இரும்போடு கிடந்த கரித்துண்டு. எந்தத் தாழி, எந்தக் குழி, எந்த ஆழம் என்று குறிக்காமல் அந்தக் கரியை எடுத்திருந்தால் அடுப்புக்கரியோடு அது சேர்ந்திருக்கும்.

இப்போது நம் பாளை அரிவாளுக்குத் திரும்பலாம். 2023-ல் ஒரு கருத்தரங்குக்காகக் கேரளம் போயிருந்தபோது, தங்கிய விடுதியின் வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. செப்புக்கம்பி சுற்றிய அதே பிடி. கீழே ஆங்கிலத்தில் ஒரு பட்டயம்: பண்டைத் தமிழ் மறவனின் குத்துவாள் என்று பொருள்படும் வாசகம். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேலாளரை அழைத்து, இது போர்க்கத்தி இல்லை ஐயா, பதநீருக்குப் பாளை சீவுகிற அரிவாள் என்றோம். அவர் மிகுந்த மரியாதையோடு, 'அதற்கு ஏதேனும் ஆவணம் இருக்கிறதா சார்?' என்று கேட்டார்.

ஆவணம் இல்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நோட்டுப்புத்தகம் நாம் வைக்கவில்லை. எந்த ஊர், எந்தப் பட்டறை, யார் கை, என்ன வேலை என்று ஒரு சீட்டுக்கூடக் கட்டிவிடவில்லை. தமிழ் முதுகலை படித்தவர். பாடபேதம் பற்றி மாணவர்க்கு ஆண்டுதோறும் வகுப்பெடுப்பவர். ஏட்டின் இறுதியில் எழுதியவன் பெயரும் நாளும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவர். எவர்சில்வர் டம்ளரில்கூடப் பெயர் வெட்டி வாங்குகிற நாடு இது. நம் முப்பத்தேழு கத்திகளில் எதிலும் பெயரில்லை. அந்த விடுதிக்காரரை எப்படிக் குறை சொல்வது? பெயரில்லாப் பிள்ளைக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். அது சந்தையில் விலைபோகும் பெயர்.

அந்தப் பெயர் ஏன் விலைபோகிறது என்பதையும் பேசியாகவேண்டும். 'மறவன் வாள்' என்ற சொல்லுக்கு நம்மிலேயே எத்தனை பேர் நெஞ்சு நிமிர்த்துகிறோம்! கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் தூக்கிலிட்டபின், 1801 டிசம்பரில் கிளைவ் பிரபு விடுத்த பிரகடனம் இச்சீமையின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகள் இடிந்தன. அந்த வரலாறு பெருமைக்குரியதுதான். ஆனால் அதன் பேரில் இன்று அரிவாளைத் துண்டுப் பதாகையிலும் பனியனிலும் அச்சடித்துக்கொண்டு திரிவது வேறு சங்கதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நீதிநாயகம் சந்துரு குழு அமைந்ததும், 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் அதன் தொடர்ச்சி. அந்த மாவட்டத்து ஆசிரியர் நாம். பாளை அரிவாளும் கருக்கரிவாளும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, வீச்சரிவாள் தெரியும். உழைப்புக் கத்திகளின் பெயர்களை நாம் எழுதி வைக்காமல் விட்ட இடத்தில் வெட்டுக் கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

வேடிக்கை ஒன்று உண்டு. 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலமெங்கும் தேடுதல் நடத்தியபோது, அரிவாள் செய்யும் பட்டறைகளில் வாங்குபவர் பெயர், முகவரி, செல்பேசி எண், எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னார்கள். கொல்லர்கள் நொந்துகொண்டார்கள்; நியாயந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். யார், எவ்வூர், எதற்கு? ஒரு சேகரிப்பாளன் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இவை. கலாசாரத்தைக் காக்கப் புறப்பட்ட நமக்குத் தோன்றாதது காவல்நிலையத்துக்குத் தோன்றியது.

தமிழில் முதல் ஆயுதச் சேகரிப்பாளன் தொண்டைமான்தான். அவன் ஆயுதசாலையைப் பார்த்த ஔவையார், அங்கே நெய் பூசிப் பீலி சூடி அழகாக இருக்கிற படைக்கலங்களையும், அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. வகுப்பில் அதைப் புகழ்வது போல் இகழ்தல் என்று நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து நாமே தொண்டைமான் வேலை பார்த்திருக்கிறோம். அவனாவது ஒழுங்காக நெய் பூசினான்.

இனி, இளம் நண்பர் கேட்காத ஒன்றைச் சொல்கிறோம்.

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்ததும், 1889-ல் அதை அச்சேற்றியதும் நாம் அறிந்தவை. ஆதிச்சநல்லூரிலிருந்து சில கல் தொலைவுதான் அது, அதே ஆற்றோரம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெருப்பிலிட்டதைக் கேட்டு அவர் துடித்த துடிப்பை இன்றும் நாம் மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே மனிதர் எழுத்தாணிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வாரெழுத்தாணி என்ற வகையில் ஒரு முனை எழுத, மறுமுனை ஓலை வாருவதற்கான கத்தி. மடக்கி வைக்கத்தக்கதாயின் மரத்திலோ கொம்பிலோ தந்தத்திலோ பிடி இருக்கும். தமிழ் இலக்கியம் முழுவதையும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்தது இந்தக் கத்திதான். ஏடுகளுக்கு நூலகங்கள் இருக்கின்றன, அட்டவணைகள் இருக்கின்றன. எழுத்தாணிகள் எங்கே போயின?

ஒன்று எங்கே போனது என்று நமக்குத் தெரியும். நம் தாத்தாவின் தந்தை திண்ணைப் பள்ளி நடத்தியவர். அவருடைய வாரெழுத்தாணி, கறுத்த கொம்புப் பிடி போட்டது, தாத்தாவின் மரப்பெட்டியில் கிடந்தது. ஒரு கோடை விடுமுறையில், ஒன்பதோ பத்தோ வயதிருக்கும், தெருவில் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரல் கேட்டு, அதை எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் பிடியைத் தட்டிக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பை மட்டும் தராசில் போட்டார். கொம்புக்கு விலையில்லையாம். கை கொள்ளுமளவு பழம் கிடைத்தது. மாலையில் விஷயம் தெரிந்தபோது தாத்தா திட்டவில்லை. 'எனக்கு ஒரு பழமாவது வச்சிருக்கியாலே?' என்று மட்டும் கேட்டார். வைத்திருக்கவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கத்தி தேடி அலைந்ததற்கு வேறு எத்தனையோ காரணங்கள் சொல்லியிருக்கிறோம். முப்பத்தேழு சேர்ந்தன. வாரெழுத்தாணி மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆகவே கேள்விக்கு விடை: முப்பத்தேழையும் விற்றதற்கு வருந்தவில்லை. அவை எங்கோ கத்திகளாகவே இருக்கின்றன, பொய்ப் பெயரோடானாலும். அவற்றைத் திரும்ப வாங்கும் எண்ணமும் இல்லை. வாங்கினாலும் பரணுக்குத்தான் போகும். அந்த ஒன்றை நிறுத்துப் போட்டதற்கும், முப்பத்தேழின் வரலாற்றையும் எழுதாமல் விட்டதற்கும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். தலை குனிந்து கேட்டுக்கொள்கிறோம்.

ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளமிட்டுக் காட்டுகிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கத்திக்கு இவ்வளவு செய்யும்போது, முப்பது ஆண்டுக்கு முந்தைய கருக்கரிவாளுக்கு ஒரு சீட்டு எழுத நமக்கு என்ன தடை? பட்டறைகள் இன்னும் சில இருக்கின்றன. லாரிப் பட்டையை வெட்டி அடித்து நீரில் தோய்க்கும் கைகளும் இருக்கின்றன. கருக்கு வைக்கத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எழும்பூருக்கோ பெர்லினுக்கோ போகவேண்டியதில்லை. சேரன்மகாதேவிக்குப் பேருந்து இருக்கிறது.

கூட்டம் முடிந்த வாரத்திலேயே ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினோம். நினைவிலிருந்து எழுதி வருகிறோம். பத்தொன்பது கத்திகள் வரை வந்திருக்கிறது. ஒன்பதாவது பக்கத்தில் இப்படி இருக்கிறது: பாளை அரிவாள். தேரிக்காடு, உடன்குடிக்கு மேற்கே. கிடைத்தது 2004, பதநீர்க் காலம். பிடியில் விரிசல், செப்புக்கம்பிச் சுற்று. விலை இல்லை, ஒரு கருப்பட்டியும் கொடுத்தார். கொடுத்தவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. ஊரை அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைக்கிறோம். சாலையோரம் ஒரு சுடலைமாடன் பீடமும் அதற்கு எதிரே ஒரு கிணறும் இருந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இளம் நண்பரும் உடன் வருகிறார். கேமரா அவருடையது, நோட்டு நம்முடையது.